பழைய நடை

ஆள் குறுக்கே வந்தால் தானாகவே பிரேக் போடும் கார்களில் இருக்கும் ரேடாருக்கு, ஒரு மனுசனை அடையாளம் காட்டுவது அவன் வீசும் கையும் எட்டி வைக்கும் காலும்தான். ஒரகடத்தில் எங்கள் ஆபீசில் அந்த ரேடாரை நிஜ ரோட்டுக்கு விடுமுன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்போம். அந்தத் திரையில் ரோட்டைக் கடக்கும் ஆள் நான்தான். உடம்பெல்லாம் சென்சார் ஒட்டி, என்னை நடக்கவிட்டு எடுத்த நடை அது.

பிறகு ஒரு நாள், வல்லம் வடகாலில் ஷேர் ஆட்டோ பிடிக்க ரோட்டைக் கடந்தபோது, ஒரு லாரி என் வலது காலை நசுக்கிவிட்டுப் போனது. ஐந்து மாதம் கழித்து ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பினேன். முதல் வேலையாக என் புது நடையைப் பதிந்து ஓட்டினேன். ஒரு கை வீசவில்லை, ஒரு கால் இழுத்துக்கொண்டு வந்தது. ரேடார் என்னை மனுசன் என்றே கண்டுகொள்ளவில்லை. திரையில் வந்த கார் வேகம் குறையாமல் என் மேல் ஏறிப் போனது.

டீம் லீடரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"இத்த சேத்தா டெஸ்ட் ஃபெயிலாயிடும்பா. பழைய நடையே இருக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊன்றுகோலாலேயே அந்தத் திரையை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. புது நடையை என் கையாலேயே அழித்தேன்.

இப்போதும் தினமும் நூறு தடவை, இரண்டு கையையும் வீசிக்கொண்டு திரையில் ரோட்டைக் கடக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கார் எனக்காக நிற்கிறது.