ஆறில் ஒரு பங்குப் பசி

ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.10. சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடு. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஒரேயொரு இடத்துக்கு நாலு பேர் முண்டியடித்துக்கொண்டிருந்த காட்சி.

பாய் விரித்து வரிசையாகச் சஹன் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர் - அதுதான் சஹன். மற்றச் சஹன்களில் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் வேண்டியது என் மச்சானுக்குப் பக்கத்து இடம்!

மச்சான் என்றால் ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவர் நிஸ்தார். கல்முனைக்குடியில் புடவைக் கடை. கடை வாசலில் அவர் நின்றால், கதவு சாத்தியிருக்கிறது என்று ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

"இவர்ட சஹனுக்கு இறைச்சி ரெண்டாந்தரமும் வரும் காக்கா," என்றார் முண்டியவர்களில் ஒருவர் என்னிடம். "வாளியோட வாறவன் இவர்ட உடம்பப் பாத்துத்தான் சரிக்கிறான்."

மச்சினன் என்ற உரிமையில் இடம் எனக்குக் கிடைத்தது. சாப்பிட்டபடியே கவனித்தேன். அதே சோறு, அதே இறைச்சி, ஆறு கைகள். எதிரே இருந்த மெலிந்த மனிதர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு விரல்களைச் சூப்பத் தொடங்கினார். பிறகு இன்னொருவர். பிறகு நான்... ஆனால் எல்லோரும் முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாதே? சும்மா இருந்த ஐந்து பேரும் இறைச்சியை மச்சான் பக்கம் தள்ளிவிட்டோம்.

"வீணாக்கப்படா மச்சான். பரக்கத்து!"

மச்சான் சாப்பாட்டின் அருளான பரக்கத்தைக் காப்பாற்றினார். தட்டு பளபளத்தது.

பின்னேரம் அவர் வீட்டில்தான் வழக்கு விசாரணை. ராத்தாவும் மச்சானும் மக்காவுக்கு உம்ராப் பயணம் போகவிருக்கிறார்கள். மச்சானுக்கோ முழங்கால் வலி. உடம்பைக் குறைக்காவிட்டால் கஃபாவைச் சுற்ற வீல்செயார்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து சுற்ற வேண்டும் என்பது ராத்தாவின் பல வருட ஆசை.

"நான் நடக்க, இவர இன்னொருத்தன் தள்ளிக்கிட்டு வாறதா?" என்றார் ராத்தா. கண் கலங்கியிருந்தது.

மச்சான் போனை எடுத்துக் காட்டினார். "இஞ்ச பாருங்க. எஃப்.டி.ஓ. எண்டு ஒரு ஜீன். அதுல சின்ன மாத்தம் இருந்தா உடம்பு வைக்குமாம். வெள்ளைக்காரனுக்கும் இருக்கி, நமக்கும் இருக்கி. என்ட வாப்பாக்கும் இதே உடம்புதானே? நான் என்ன செய்யிற?"

மகள் ரிப்கா பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறாள். "ஓம் வாப்பா, இருக்கி," என்றாள். மச்சான் வெற்றிப் பார்வை பார்த்தார்.

"இன்னும் முடிக்கல்ல. ஐரோப்பாவுல அது கூட. சீனா, யப்பான் பக்கம் குறைவு. நம்மட பக்கத்துல ரெண்டுக்கும் நடுவுல. ஆபிரிக்காவுல கணக்கே கொஞ்சம் வேற. ஆனா அது உள்ளவங்களுக்குச் சராசரியாக் கூடுறது சில கிலோதான். நாவிதன்வெளி வயலுக்குள்ள நிக்கிறவருக்கும் அதே ஜீன் இருக்கலாம்... அவர்ட வயித்தப் பாத்திருக்கீங்களா?"

"அப்ப அது என்னதான் செய்யிது?" என்று கேட்டார் மச்சான்.

"வயிறு நிரம்பினது கொஞ்சம் பிந்தித்தான் தெரியும். அவ்வளவுதான். நடந்து திரியிறவங்களில அதுட பலமும் குறையும்."

"நான் எங்க கூடச் சாப்பிடுற? சஹன்ல ஆறு பேர். ஆறுல ஒரு பங்குதான் என்ட. க்ளினிக்குலயும் அப்பிடித்தான் சொன்னன்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மச்சான்... மத்த அஞ்சு பேரும் பாதியிலயே கைய எடுத்துட்டம்."

ராத்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மச்சானும் சிரித்தார், குலுங்கிக் குலுங்கி. மனிதர் பொய் சொல்லவில்லை. கூடிச் சாப்பிடும் தட்டில் தன் பங்கை யார்தான் அளக்கிறார்கள்? நீங்கள் அளந்ததுண்டா?

மறுநாள் விடிகாலை சுபஹ் தொழுததும் கடற்கரையில் நடை தொடங்கியது. முன்னால் ரிப்கா, பின்னால் மூச்சு வாங்கியபடி மச்சான், வழியெல்லாம் மீனவர்களின் கிண்டல் - "ஹாஜியார், கடலுக்குள்ள மட்டும் இறங்கிடாதீங்க, தண்ணி ஊருக்குள்ள வந்திரும்!" வீட்டில் அவருக்கென்று தனிச் சாப்பாட்டுக் கோப்பை வந்தது. கல்யாண வீடுகளில் சஹனை விடவில்லை. விடச் சொல்வது பாவம். ஆனால் புதுச் சட்டம் ஒன்று: முதல் ஆள் கையெடுத்ததும் இவரும் எடுத்துவிடுவார். மற்றவர்கள் முடிக்கும்வரை கதை. இறைச்சி இரண்டாந்தரம் வராததால் இப்போது அவர் பக்கத்தில் இருக்க ஆள் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பசியைக் கொஞ்சம் கூட்டுவதோடு ஜீனின் வேலை முடிந்துவிடுகிறது. இறைச்சியைத் தள்ளிவிட மச்சினன்மார் வேண்டும்.

பல மாத நடைக்குப் பிறகு, போன வெள்ளிக்கிழமை மக்காவிலிருந்து ராத்தாவின் குரல் பதிவு வந்தது. கஃபாவின் ஏழு சுற்றையும் இரண்டு பேரும் நடந்தே முடித்திருக்கிறார்கள்.