நீதிபதி அழுத மேஜை

மாளிகையின் நீதிபதி அறையில் அதிகாரியம்மா நாற்காலியைப் பின்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. சாவியம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

"ஏங்க, மேஜையில ரெண்டாவது தடவை எப்ப மை ஊத்துனீங்க?"

அடுப்படியில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த அவள் கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தம்மா குளிக்கப் போனப்ப. நிறம் பத்தலைன்னு தோணுச்சு."

"காய வேணாமா?"

"இருநூறு வருஷமாக் காஞ்ச மைன்னு நீதானே ஊரெல்லாம் சொல்றே. அதுமேல கையை வைப்பாங்கன்னு நான் கண்டேனா?"

வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் அந்த மாளிகையில் பதினான்கு வருஷமாக அவர்கள் குடியிருக்கிறார்கள். பழைய வீட்டில் ஓர் இரவாவது படுத்து எழ வேண்டும் என்று பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு அவர் சமைப்பார். அவள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க ஒவ்வோர் அறையாகக் காட்டுவாள். அதனால்தான் சாவியம்மா. பின்கட்டில் இரண்டு அறைகள் அவர்களுக்கு. புராதனக் கட்டடங்களின் பட்டியலில் வீடு சேராவிட்டால் இடித்துக் கிடங்கு கட்ட விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது. சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அதிகாரியம்மா நேற்று சாயங்காலம் வந்து தங்கியிருந்தார்.

வீட்டின் பெருமையே அந்த மைக்கறைதான். சொந்தத் தம்பிக்கே தண்டனை எழுத நேர்ந்த நீதிபதியின் கை நடுங்கி, மைக்கூடு கவிழ்ந்து, மேஜைமேல் தலை வைத்து அவர் அழுத கதையை வாசலில் பலகையாகவே எழுதி மாட்டியிருந்தார் முதலாளி. சாவியம்மா அதை வாயால் சொன்னால் இன்னும் உருக்கமாக இருக்கும். 'தம்பி' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு புதுமணத் தம்பதி அதைக் கேட்டு அழுதுவிட்டு, சாப்பிடாமலே படுத்திருக்கிறது.

அந்தக் கறையைத்தான் மூன்று நாளைக்கு முன்னால் அவளே தேய்த்து எடுத்துவிட்டாள்.

இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் கறை எடுப்பவளாக இருந்தவள். அதிகாரி வருகிறார் என்றதும் வீடு முழுக்கத் துடைத்துக்கொண்டே வந்தாள். மனம் எங்கோ இருந்தது, கை பாட்டுக்கு வேலை செய்தது. எலுமிச்சையும் உப்புமாகத் தேய்த்து நிமிர்ந்தபோது மேஜை பளிச்சென்று இருந்தது, அவள் முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

இப்போது அதிகாரியம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையின் வலது முழங்கை நீலமாக இருந்தது.

"இங்க தண்ணி இருக்காம்மா?"

"கழட்டிக் குடுங்க மேடம், இந்தப் போர்வையைச் சுத்திக்கங்க" என்று சாவியம்மா சட்டையை வாங்கினாள். கறையைப் பார்த்ததும் கவலையெல்லாம் எங்கே போனதோ, கை சுறுசுறுப்பானது. கால் மணி நேரத்தில் முழங்கை வெண்மையாகிவிட்டது.

"அடேயப்பா. கொஞ்சம்கூடத் தெரியலையே. என்ன மாயம் பண்ணுனீங்க?"

அந்த ஒரு பாராட்டு போதுமானதாக இருந்தது. "இதெல்லாம் ஒரு கறையா மேடம்? மேஜையில இருந்ததே அரை மணி நேரத்துல போச்சு."

கணவரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எந்த மேஜை?" என்றார் அதிகாரியம்மா.

சாவியம்மா பொலபொலவென்று அழுதுவிட்டாள். தேய்த்தது, மை வாங்கி வந்தது, ஊற்றியது, எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்தப் புண்ணியவான் வடிச்ச கண்ணீரையே தொடைச்சுப் போட்ட பாவி மேடம் நான். என்னால வீடு போயிடக் கூடாது. வேணும்னா எங்களை அனுப்பிடச் சொல்லுங்க."

"எங்களையா?" என்றார் கணவர். "தேய்ச்சது நீ."

அதிகாரியம்மா யோசித்தபடி போனை எடுத்தார். "இருநூறு வருஷம் மரத்துல ஊறின மை அரை மணியில போறதாவது. உங்க முதலாளியைக் கேப்போம்."

எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வந்த முதலாளி முதலில் பரம்பரையைப் பற்றிப் பேசினார். அப்புறம் இருமினார். கடைசியில், ஆறாம் வகுப்பில் படம் வரையும்போது தான் கொட்டிய மை அது என்றும், அப்பாவின் அடிக்குப் பயந்து அன்றைக்குச் சொன்ன கதை நாளடைவில் பலகையாகிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டார்.

சாவியம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பதினான்கு வருஷம். எத்தனை பேரோடு சேர்ந்து அழுதிருக்கிறாள்.

"அப்ப அந்த நீதிபதி?"

"இருந்தாரும்மா. பத்திரமெல்லாம் இருக்கு. அழலை, அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

"தம்பி?"

"தம்பியே கிடையாது. ஒரே பிள்ளை."

அதுதான் அவளை அதிகம் அடித்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல மணையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் பக்கத்தில் வந்து நின்று, "விடு, பிறக்காதவனுக்கு எதுக்கு இவ்வளவு" என்று ஆறுதல் சொன்னார்.

அதிகாரியம்மா ஈரம் உலராத சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசல் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, பெட்டியோடு காருக்குப் போனார். சாவியம்மா பின்னாலேயே ஓடினாள்.

"மேடம், வீடு நிக்குமா?"

"சுவரும் மாடிப்படியும் கூரை ஓடும் நிஜம்தானே? பட்டியல்ல சேர்த்தாச்சு. மைக்கறைங்கிற வரியை மட்டும் அடிச்சுட்டேன்."

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துக்கங்க. எங்க கண்ணுக்கு எல்லாமே நிஜமாத்தான் தெரிஞ்சுது."

அதிகாரியம்மா சிரித்தார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியது. தனியாள் அசைக்க முடியாத பெரிய வாசல் கதவைக் கணவனும் மனைவியுமாகத் தோள் கொடுத்துத் தள்ளிச் சாத்தினார்கள்.