ராசி வண்டியின் பின்பக்கம்

நான் எழுதிப் பழகியவள் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். அங்கே பேச வேண்டியதை வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத உங்கள் முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இருந்து பார்த்தேன். தணியவில்லை.

எங்கள் அப்பாவின் ஜீப்பில் பின்பக்கம் உட்கார்ந்தால் காலுக்கடியிலிருந்து சூடான காற்று வரும். உருகிய தாரின் வாடையும் புழுதியும் சேர்ந்த அந்தக் காற்று பாவாடைக்குள் புகுந்து முழங்கால் வரைக்கும் ஏறும். இரும்புத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. குனிந்து பார்த்தால் அதன் வழியாக ரோடு ஓடுவது தெரியும். நான் சின்னவள், எனக்கு அது வேடிக்கை. என் அக்கா கமலத்துக்குப் பயம். அவள் எப்போதும் இரண்டு கால்களையும் ஓரமாக ஒடுக்கிக்கொண்டுதான் உட்காருவாள்.

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அந்த ஜீப்தான் எங்கள் வீட்டில் எல்லாம். தேங்காய் ஏற்றுவது, உர மூட்டை கொண்டுவருவது, எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது, அது போக முகூர்த்த நாளில் பெண் மாப்பிள்ளையை ஊர்வலம் கொண்டுபோவது. எங்கள் ஜீப்பில் ஏறின ஜோடி நன்றாக இருக்கும் என்று எப்படியோ ஒரு பேர் வந்துவிட்டது. "ராசி வண்டி" என்றார்கள். தூரத்துச் சொந்தக்காரர்கள்கூட வந்து, "ஏனுங்க, நம்ம புள்ளைக்குக் கல்யாணமுங்க, வண்டிய அனுப்பி வெக்கோணுமுங்க" என்று அப்பாவிடம் கேட்பார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொள்வார்.

பெண் மாப்பிள்ளை உட்காருவது முன்சீட்டில். அதனால் முன்பக்கத்துத் தரை துரு ஏறியபோது அப்பா பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, பழைய தரையை அறுத்து எடுக்கச் சொல்லி, கனமான தகட்டை அளவுக்கு வளைத்துப் பற்றவைக்கச் சொன்னார். ஜீப்பின் உடம்பு அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தின்மேல் அங்கங்கே ரப்பர் வைத்து, போல்ட் முடுக்கி உட்கார்ந்திருக்கும். அதை "மவுண்ட்" என்பார்கள். முன்பக்கத்து மவுண்ட் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யச் சொன்னார். பின்பக்கத்தைத்தான் உர உப்பு அதிகமாகத் தின்றிருந்தது. அதற்கு என்ன செய்வது என்று பட்டறைக்காரர் கேட்டபோது அப்பா சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பின்னாடி மூட்டையும் பொட்டப்புள்ளைகளுந்தானே ஏறுது. ஆகற மாதிரி பண்ணி உடுங்க."

ஆகிற மாதிரி பண்ணினார்கள். கடலை எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து ஓட்டையின்மேல் வைத்து ஆணி அறைந்தார்கள். ரப்பர் தேய்ந்துபோன மவுண்ட்டில் பழைய டயரை வெட்டிச் செருகினார்கள். டின் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அப்பா அதன்மேல் ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விரிக்கிற ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் கோடு போட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம், "பின்னாடி கூட ஜமக்காளம் விரிச்சு வெச்சிருக்கறாருங்க, என்ன மரியாதை!" என்றார்கள். அந்த மரியாதை மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடந்தது. அடியில் இருந்த இரும்பு இன்னும் வேகமாக அழுகியது. மேலே நாங்கள் கால் வைத்து உட்கார்ந்திருந்தோம்.

உடுமலையில் மாமா வீட்டு விருந்துக்குப் புறப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னாள், "பின்னாடி ஆடுதுங்கப்பா."

"ஆடாம இருக்கறதுக்கு அதென்ன ஊடா, கண்ணு?" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தோம். முன்சீட்டில் இருந்த அண்ணன்தான் அதிகம் சிரித்தார். அப்போது அவரும் பள்ளிக்கூடத்துப் பையன், அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போது பின்பக்கத்தில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மவுண்ட் பிய்ந்து, ஜீப்பின் உடம்பு ஒருக்களித்துச் சாய்ந்தது. டின் வாயைத் திறந்தது. அக்காவின் இடது கால் ஜமக்காளத்தோடு உள்ளே போய், தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அப்பா வண்டியை நிறுத்துவதற்குள் அது கொஞ்ச தூரம் போய்விட்டது. ஜமக்காளத்தில் எது சிவப்புக் கோடு, எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா கத்தவில்லை. "பாவாடை புதுசு, பாவாடை புதுசு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உயிருக்கு ஒன்றுமில்லை. மூன்று விரலும் பாதத்தின் ஒரு பக்கமும் போயின. நடை சாய்ந்துவிட்டது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. ரத்தம் பார்த்த வண்டியில் எந்தப் பெண்ணும் கல்யாணத்தன்று ஏற மாட்டாள். அது அப்பாவுக்குத் தெரியும். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவதற்குள் ஊருக்கு ஒரு கதை தயாராகிவிட்டது. "கெணத்துப் படியில குதிச்சு வெளையாடி உழுந்துட்டாளுங்க. அடங்குனாத்தானே?" அம்மாவும் அதையே சொன்னாள். எங்களிடம், "அப்பா சொல்றதச் சொல்லு சாமி" என்றாள். டின்னைத் தட்டி நிமிர்த்தி மறுபடி ஆணி அறைந்தார்கள். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஏன் என்று கேட்பார்களே! புது டயர்த் துண்டு, புது ஜமக்காளம். அடுத்த முகூர்த்தத்துக்கு ஜீப் மாலை போட்டுக்கொண்டு போனது. நாங்கள் மறுபடியும் பின்னால்தான் உட்கார்ந்தோம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் "ங்க" போடாத வார்த்தை இல்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சொக்கிப்போவார்கள். அவ்வளவு மரியாதையாகத்தான் ஒருத்தியின் காலைக் கொண்டுபோய் அவள் இறங்கவே இறங்காத கிணற்றில் போட்டார்கள்.

வரன் வந்தபோதெல்லாம் காலைப் பார்த்தார்கள், கதையைக் கேட்டார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். விபத்து என்றால்கூட மனம் இரங்கியிருப்பார்களோ என்னவோ, கிணற்றில் குதிக்கிற பெண் என்றால் யார் எடுப்பார்கள்? அதோடு முடியவில்லை. ஊரில் எந்தப் பெண் ஓடினாலும், மரம் ஏறினாலும், சத்தமாகச் சிரித்தாலும், "கமலம் கதை தெரியுமல்லோ?" என்பார்கள். என்னை யாரும் ஓடவிடவில்லை. நான் இன்றைக்கு வாய் பேசாமல் இருப்பதற்கு அந்தக் கிணறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செய்யாத சேட்டைக்கு என் அக்கா ஊருக்கே உதாரணம் ஆனாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை.

அப்பா போன பிறகு கொட்டகையில் கிடந்த ஜீப்பை அண்ணன் போன வருடம் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தார். இப்போது பழைய வண்டிகளைப் புதுப்பிப்பது பெரிய பெருமையாம். சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறை, பழைய வண்டிக்கு எது கிடைக்காதோ அதை அளவெடுத்துத் தகட்டில் புதிதாகவே செய்து தருகிறார்கள். அண்ணன் வாரா வாரம் போய்ப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார். "அந்தக் காலத்து இரும்பு! எங்கப்பா வெச்சிருந்த பக்குவம்!" வேலை முடிந்ததும் தோட்டத்தில் பூசை போட்டு எல்லாருக்கும் விருந்து வைப்பதாகத் திட்டம். ஜீப்பில் முதலில் அக்காவை ஏற்றி, சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். அதற்காக எங்கள் இரண்டு பேரையும் ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொன்னார்.

பஸ்ஸில் போகும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், "கெணறு இல்லைன்னு அண்ணன் ஒருக்கா எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லட்டும் கண்ணு. அப்பறம் எங்க வேணுன்னாலும் உக்கார்றேன்."

பட்டறையில் ஜீப்பின் உடம்பைச் சங்கிலியில் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். ஸ்டீபன் என்கிற இளவயதுக்காரர்தான் அங்கே எல்லாம் செய்கிறவர். வாய் ஓயாத ஆள். அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாருங்க, இத்தன வருசத்துக்கப்பறமும் தரை எப்படி நிக்குது!" என்று பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் பின்பக்கத்திலிருந்து ஒரு துருப்பிடித்த டின்னைப் பிய்த்துத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணா, உங்க வண்டி முன்னாடி ராஜா, பின்னாடி பிச்சக்காரனுங்க! முன்னாடி ஆனை மிதிச்சாலும் தாங்கும். இங்க பாருங்க, எண்ணெ டின்னு! மவுண்ட்டுக்கு டயரு! யாருங்ணா இதுல உக்காந்தது? உசுரோட இருக்கறாங்களா?"

"நாந்தானுங்க," என்றாள் அக்கா. "இருக்கறேன்."

சிரித்துக்கொண்டே திரும்பிய ஸ்டீபன் அவள் இடது கால் செருப்பைப் பார்த்தார். டின்னை மெதுவாகக் கீழே வைத்தார். அண்ணன் போனை இறக்கினார்.

"நிறுத்தாதீங்ணா," என்றாள் அக்கா. "எடுங்க. கெணறு இல்ல, வண்டிதான்னு உங்க வாயால ஒருக்கா சொல்லிப்போடுங்க. அது போதுமெனக்கு."

"கமலம், அம்மணி, நாஞ் சொல்லமாட்டேன்னா சொல்றேன்? அப்பா போய்ச் சேந்துட்டாரு. சனம் அவர நெனச்சுக் கும்புட்டுட்டு இருக்குது. இப்பப் போயி..."

"அப்பா போயிட்டாருங்ணா. என்ற காலு இங்கதான் இருக்குது."

"சொல்லுங்ணா," என்றேன் நான். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. ஆனால் பட்டறையில் எல்லாருக்கும் கேட்டது.

அண்ணன் அக்காவை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார். "நீயுமா கண்ணு? வாயே தொறக்காதவ!" என்றார். பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு சூடானால் எல்லாரும் செய்வதையே செய்தார். "வாங்க, மொதல்ல டீ குடிக்கலாம்." நாங்கள் போகவில்லை. அவர் மட்டும் போனார்.

அக்கா ஸ்டீபனிடம், "அந்த டின்ன மட்டும் எடுத்து வெய்யுங்க தம்பி. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்," என்றாள். டீக்கடை பட்டறை வாசலில்தான். அண்ணன் காதில் அது விழாமல் இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் அண்ணன் பட்டறையில் எடுத்த வீடியோ சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வந்தது. ஸ்டீபன் டின்னைப் பிய்ப்பதற்கு முன்னாலேயே அது முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. "அப்பா தெய்வமுங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்போது அந்த வாய்க்கால் பாலத்தை இடித்து அகலமாகக் கட்டிவிட்டார்கள். கிணற்றையும் மூடி மேலே தண்ணீர்த் தொட்டி வைத்தாயிற்று. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் சொல்லப் போவதில்லை என்பதால்தான் நான் சொல்கிறேன். என் அக்கா கிணற்றில் குதிக்கவில்லை. அடங்காமல் ஆடவும் இல்லை. கால்களை ஒடுக்கிக்கொண்டு, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் நானும் அக்காவும் பட்டறைக்குப் போனோம். அந்த டின்னோடு சேர்த்துப் பழைய இரும்பு முழுவதையும் முந்தின நாள் சாயங்காலமே எடைக்குப் போடச் சொல்லிவிட்டார் அண்ணன் என்று ஸ்டீபன் சொன்னார். பின்பக்கத்துக்கு முன்பக்கம் போலவே கனமான தகடு வெட்டி வைத்திருந்தார்கள்.