பதட்டக்கா கிள்ளிய ஓட்ஸ் கதிர்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கு நினைவிருக்கிறது? எல்லாருக்கும் அவள் பதட்டக்காதான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறவள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், மணிக்கொரு தரம் வரும் அம்மாவின் போனை இப்போதெல்லாம் எடுப்பதே இல்லை.

அப்பேர்ப்பட்டவள் பயிரிடுவது என்ன தெரியுமா? படபடப்புத் தணிய என்று மூலிகைக் கடைக்காரர் தேநீருக்கு விற்கும் பச்சை ஓட்ஸ்! அவளும் ஒரு தரம் குடித்துப் பார்த்தாள். ஆறிவிடுமே என்ற அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

கதிரை நினைத்த நேரத்தில் அறுக்க முடியாது. மணியைக் கிள்ளினால் பால் வர வேண்டும். அந்தப் பக்குவம் சில நாள்தான் நிற்கும். போன வருடம் அசந்துவிட்டாள், மணி முற்றிவிட்டது. "இந்தத் தடவையும் இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்மா" என்று கடைக்காரர் சொன்னதை அவள் மறக்கவில்லை.

எனவே இந்த வருடம் பால் பிடித்ததிலிருந்து வரப்பே கதி. துணி காயப்போட வந்தால் ஒரு கிள்ளு, குப்பை கொட்ட வந்தால் ஒரு கிள்ளு. அறுப்பு நாளன்று காலையில் கிள்ளினாள். வெறும் சக்கை. அடுத்ததும் சக்கை. அதற்கடுத்ததும்.

"ஐயோ, போச்சுங்க! எல்லாம் போச்சு!"

வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்த கணவர், வயலுக்கு நடுவே போய் ஒரு கதிரோடு திரும்பினார். அவள் கண்முன்னே கிள்ளினார். வெள்ளையாய்ப் பால் வழிந்தது.

"அப்போ இதெல்லாம்?"

"எல்லாம் உன் கைவரிசைதான். வரப்போரத்துல ஒண்ணை விட்டு வச்சியா நீ? இப்படிக் கிள்ளினா அதுதான் என்ன பண்ணும், பாவம்!"

கைக்கு எட்டிய தூரம்வரை கதிர்கள் சூம்பிக் கிடந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மகளிடம் சொல்லலாமென்று போனை எடுத்தவள், என்ன நினைத்தாளோ, திரும்ப வைத்துவிட்டு அரிவாளை எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கடைக்காரரின் வண்டி நிறைந்துவிட்டது.

வண்டி கிளம்பியதும் போன் அடித்தது. மகள்.

"என்னம்மா, காலையிலேருந்து ஒரு போன்கூடக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை!"