தேசம்மாவின் இடக்கை

என் அக்கா தேசம்மாவை வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முப்பத்திநாலாம் வருஷத்து மழை இன்னும் விடவில்லை.

சாந்தோம் குப்பத்திலிருந்து ராயப்பேட்டை வரை மீன் கூடையோடு நடந்தவள். வலக்கை தலைமேல் கூடையைப் பிடித்திருக்கும். இடக்கை இடுப்பில் ஒரு குழந்தையை அணைத்திருக்கும். முதலில் நான்; பிறகு அவள் பெற்ற மூன்று பேர். மூன்றும் தங்கவில்லை. என்னைக் காலேஜுக்கு அனுப்பியதும் அந்தக் கூடைதான்.

நான்காவதாக ஒரு பெண் பிறந்த மறுவாரம் அவளுக்கு வலிப்பு வந்தது. நினைவு திரும்பியபோது இடக்கையும் இடக்காலும் விழுந்திருந்தன. அது அவளுக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் யாராவது இருந்தால், அவர் பேசினால்தான் தெரியும். மூளையில் அடிபட்ட இடம் அப்படி, சொன்னாலும் ஏறாது என்றார் டாக்டர்.

"புள்ளைய இடுப்புல வையி. யாவாரத்துக்கு நேரமாவுது" என்பாள்.

அவள் கணவர் லாசர் மாமா ஒருநாள் தலையணையை அந்தக் கையில் வைத்துக் காட்டினார். சரிந்து விழுந்தது.

"பாத்தியாம்மே?"

"நீ குடுத்த லட்சணம் அப்டி! நெத்திலிகூட நிக்காத கை ஒனக்கு. என்னைச் சொல்ல வந்துட்ட!"

பால் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் குப்பம்மா குழந்தையைத் தூக்கும்போதெல்லாம், "எம்புள்ளைய திருடிக்கினு போறாங்களே" என்று அக்கா அலறுவாள். நாங்கள் எல்லோரும் அவளுக்குத் திருடர்களானோம்.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, அது முற்றிய அன்று என்னால் தாங்க முடியவில்லை. அவள் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, அவள் கை இருக்கவேண்டிய இடத்தில் என் கையை நீட்டி, குழந்தையை ஏந்தி அவள் மார்போடு வைத்தேன். என் சட்டைக் கை நன்றாகவே தெரிந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"காலேஜி போயி இன்னாத்தடா படிச்ச? பாரு, எங்கை எப்டி புடிச்சிக்கினு கீதுன்னு."

"ஆமாக்கா."

"ரெண்டு பேரும் வெளிய போங்க. நானும் எம்புள்ளையும் கொஞ்சம் தனியா இருக்கோம்."

வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து போனார். நான் எப்படிப் போவேன்?

"போடான்னா!"

பேசாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"போய்ட்டான்" என்று குழந்தையிடம் ரகசியமாகச் சொன்னாள். "இனிமே ஒன்ன யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

என் கை மரத்துப்போயிற்று. அக்காவின் மூச்சு நின்ற பிறகும் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.