மைல்கல்லுக்கு ஒரு கரண்டி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடையாணியை மடியில் செருகி வைத்துக்கொண்டு, அதே கடையாணியைத் தேடி உச்சிவெயிலில் மூன்று மைல் நடந்த மனிதன் உலகத்தில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். கடையாணி என்றால் வேறொன்றுமில்லை. மாட்டுவண்டியின் சக்கரம் அச்சிலிருந்து கழன்று ஓடாமல் முனையில் செருகும் அரைச்சாண் இரும்பு. அது இருந்தால் வண்டி, இல்லாவிட்டால் விறகு. நான் இப்படி நடந்த விஷயம் வண்டிக்காரருக்கும் ஒரு கொல்லருக்கும் தெரியும். என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே பாதி முடி கொட்டிவிட்டது. மீதி முடி கொட்டியதற்கு வேறு காரணங்கள்.

நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த காலம். வடசேரியில் எனக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்த வருஷம் அவளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தாள். காய்ச்சல் போய்விட்டது, போகும்போது பிள்ளையின் பசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாயைத் திறக்கமாட்டாள். கைகால் குச்சியாகிவிட்டது. வைத்தியர் பதினைந்து நாள் பத்தியம் சொல்லியிருந்தார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று அதை ஒன்றரை மாதமாக நீட்டினேன். பொடியரிசிக் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் அவள் பக்கம் போகக் கூடாது. உப்பு கூடாது, புளி கூடாது, தேங்காய் கூடாது. நான் மட்டும் கூடும். கடையில் ஆளை உட்கார வைத்துவிட்டு அரை மணிக்கொரு தடவை வீட்டுக்கு ஓடிவருவேன். “ஒரு வாய் மக்கா, ஒரே ஒரு வாய்.” என் தலை தெரிந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கடைசியில் வைத்தியர், பிள்ளைக்கா எனக்கா என்று தெரியவில்லை, ஒரு மருந்து சொன்னார். “கடக்காத்து பட்டா பசி எடுக்கும். ஒருநாள் எங்கயாவது கூட்டிட்டுப் போம் ஓய்.”

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே வில்வண்டி பேசிவிட்டேன். கடலோரத்து வட்டக்கோட்டைக்குப் போவது, கோட்டைச் சுவரில் பிள்ளையை உட்கார வைப்பது, காற்று அடிப்பது, பசி எடுப்பது, கஞ்சி கொடுப்பது. எல்லாம் என் மனதுக்குள் மணிக்கணக்காகத் திட்டமிட்டாகிவிட்டது. பஸ்ஸில் போனால் புகைக்குப் பிள்ளை வாந்தியெடுப்பாள் என்பதால் வண்டி. என் மனைவிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் மூன்று பேருமாக எங்கேயும் போனதில்லை. முந்தின நாள் இரவே கண்மையைத் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

விடியும் முன் புறப்பட்டோம். வழிக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன்: மைல்கல்லுக்கு ஒரு கரண்டி. பன்னிரண்டு மைல் சொச்சம். பன்னிரண்டு கரண்டி உள்ளே போனால் அரைக் கிண்ணம். என்ன கணக்கு பாருங்கள்! மூன்றாவது மைல்கல் வருவதற்குள் பிள்ளை தூரத்தில் வெள்ளையாக எதைக் கண்டாலும் அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். ஒரு தடவை அது மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு.

“இஞ்ச பாருங்க, எம்புட்டுத் தாமர!” என்றாள் மனைவி ஒரு குளத்தைக் கண்டு. “செத்த நிறுத்தச் சொல்லுங்களேன்.”

“திரும்பி வரும்ப பாக்கலாம்.”

பிள்ளை மெல்ல விரலை நீட்டி, கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைக் காட்டினாள். ஒன்றரை மாதத்தில் அவள் தானாக எதையாவது காட்டியது அதுதான் முதல் தடவை. நான், “அதும் திரும்பி வரும்ப” என்றேன். சுசீந்திரத்துச் சாமிக்கும் அதே பதில்தான். கோபுரத்தைப் பார்த்து வண்டிக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

வண்டிக்காரர் என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர்; பொறுமைசாலி. கொட்டாரம் தாண்டியதும் சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்தது. “மை போடணும் அண்ணாச்சி” என்று இறங்கினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயில் ஏறுகிறது, கடல் எங்கேயும் ஓடிவிடாது என்று எனக்கு யார் சொல்வது? நானும் இறங்கினேன்.

“வலத்த நீரு பாரும். இடத்த நான் பாக்கேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி, கையெல்லாம் கரியாவும்.”

கேட்பேனா? இடப்பக்கக் கடையாணியை உருவினேன். அவர் முட்டுக் கொடுக்க, மையைப் பூசினேன். சக்கரத்தை உள்ளே தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் ஆணியை இலையில் துடைத்து, ஒரு நிமிஷத்துக்கு என்று மடியில் செருகினேன். என் மடி அப்போதெல்லாம் ஒரு கிளைக் கடை மாதிரி. சாவிக்கொத்து, பொடிடப்பி, வெற்றிலைப் பொட்டலம், பாக்குவெட்டி எல்லாம் அங்கேதான். போன இரும்பு, இருந்த இரும்போடு சேர்ந்துவிட்டது.

“ஆணிய மாட்டியாச்சா அண்ணாச்சி?”

“எல்லாம் ஆச்சு. ஏறும் வே, ஏறும்!”

அடுத்த மைல்கல்லுக்குக் கரண்டியைக் கையில் எடுத்தபடி இருக்கிறேன். வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. சக்கரம் தனியாகப் புறப்பட்டு ஒரு குளத்தங்கரையில் போய்ப் படுத்தது. மனைவி பிள்ளையை அணைத்துக்கொண்டு வைக்கோலில் சரிந்தாள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் சேற்றில். கஞ்சித் தூக்குவாளி குளத்தில். மீன்களாவது பசியாறியிருக்கும்.

பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “என்ன அண்ணாச்சி, வண்டிக்கு உறக்கம் வந்திட்டாக்கும்?”

“ஆணி தெறிச்சுப் போச்சு” என்றேன் மிடுக்காக. நான் மாட்டினேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டிக்காரர் பாவம், ஆணியைத் தேடிக்கொண்டு வந்த வழியே குனிந்தபடி நடந்தார். என்னால் சும்மா நிற்க முடியுமா? இங்கும் அங்கும் நடந்தேன். சக்கரத்தை உதைத்தேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். கஞ்சி போச்சே, பிள்ளை பட்டினியாச்சே என்று ஏழெட்டுத் தடவை சொன்னேன். பிறகு வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு, “நான் முன்னால போயி ஒரு கொல்லனப் பிடிச்சிட்டு வாறேன்” என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பிள்ளையைப் பார்த்தாள். “மெள்ள போயிட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு சந்தோஷமாக வழியனுப்பியதில்லை.

வழியில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது, பூட்டிக் கிடந்தது. ஆசாரி கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கதவுக்குக் கீல் வைக்கப் போயிருக்கிறார் என்றார்கள். கோட்டைக்கு ஓடினேன். அந்தக் கருங்கல் சுவர், அதற்கு அப்பால் நீலமாகக் கடல், காது அடைக்கும் காற்று. யாருக்காகப் புறப்பட்டேனோ அவளை நடுவழியில் போட்டுவிட்டு, அத்தனையையும் நான் ஒருவன் வாங்கிக்கொண்டு நின்றேன். அதையும் முழுதாகப் பார்க்கவில்லை. ஆசாரியைத்தான் பார்த்தேன்.

“ஒரு கடையாணி வேணும் ஆசாரியாரே. அவசரம்.”

“அளவு?”

கையால் காட்டினேன். ஒரு தடவை காட்டியது போல இன்னொரு தடவை காட்டவில்லை போலிருக்கிறது. “ஓய், ஒண்ணு சொல்லும். இது ஆணியா, உலக்கையா?” என்றார். அவரைக் குளிரவைக்க வெற்றிலை கொடுக்கலாம் என்று மடியில் கைவிட்டேன். ஏதோ இரும்பு தட்டுப்பட்டது. எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இன்னா! இதே அளவு! அச்சா இதேமாதிரி!”

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்போ இது என்னதாக்கும்?”

வெற்றிலையை முழுதாக அவர் கையில் வைத்துவிட்டு நடந்தேன். பின்னால் அவர் சிரித்த சிரிப்பு வெகுதூரம் வரை என்கூட வந்தது. போகிற வழியில்தான் பிள்ளை ஞாபகம் நெஞ்சில் குத்தியது. கடலைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேனே. திரும்பி ஓடி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கடல்தண்ணீரை மொண்டுகொண்டேன். மூன்று மைலும் அதை ஏந்திக்கொண்டு நடந்தால் சிரட்டையில் எவ்வளவு மிஞ்சும்? நாலு கரண்டி மிஞ்சியது.

குளத்தங்கரைக்கு வந்தபோது முதலில் என் காதில் விழுந்தது பிள்ளையின் சிரிப்பு. பூவரசு நிழலில் நடவுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள். முழங்கால் வரை சேறு. முன்னால் ஒரு சட்டியில் சம்பா அரிசிக் கஞ்சி, அவித்த பயறு, சுட்ட மிளகாயும் தேங்காயும் சேர்த்து அரைத்த துவையல். நான் தடுத்த எல்லாம் அங்கே இருந்தது. கையில் பலா இலைக் கரண்டி: இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கில் குத்தியிருப்பார்களே, அது. வாங்கியது போதாதென்று தானே இரண்டு மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“ஏட்டி, மெள்ளக் குடி. சட்டியும் உனக்குத்தான்” என்றாள் ஒரு பெண்.

நான் வாயைத் திறந்தேன். “துவையல்...” என்று ஆரம்பித்தேன். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

வண்டியைப் பார்த்தால், சக்கரம் மாட்டி நேராக நிற்கிறது! கடையாணி இடத்தில் ஒரு பூவரசங்கம்பைச் செதுக்கிச் செருகியிருந்தார் வண்டிக்காரர்.

“கால்மணி நேர வேல அண்ணாச்சி. உங்கள வழியில ஏத்திக்கிடலாம்னு நான் அப்பமே சொன்னேன். அக்காதான், ‘இருக்கட்டு, அவ்வோ வரட்டு’ன்னா.”

நான் ஆணியை நீட்டி, குரலைத் தாழ்த்தி, “ஆசாரி அடிச்சுத் தந்தாரு” என்றேன்.

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கெட்டிக்கார ஆசாரி. எனக்க ஆணியில உள்ள பழைய கோணல் வரைக்கும் சேத்து அடிச்சிருக்காரே” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

பிள்ளைக்குச் சிரட்டையை நீட்டினேன். “கடல் மக்கா.” அவள் பலா இலைக் கரண்டியால் கொஞ்சம் கோரி, நான் தடுப்பதற்குள் வாயில் விட்டு, முகத்தைச் சுளித்தாள். “உப்பு கூடிப்போச்சு” என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

அன்று வட்டக்கோட்டைக்குப் போகவில்லை. திரும்பி வரும்போது மீன்கொத்தி இருந்த இடத்தில் நிறுத்தினோம், அது இல்லை. தாமரைக் குளத்தில் நிறுத்தினோம், பூக்கள் கூம்பிவிட்டிருந்தன. ஆனாலும் மனைவி இறங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. பிள்ளை என் மடியில் தூங்கினாள். வீட்டுக்குப் போனதும் எழுந்து, “கஞ்சி இருக்கா?” என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆறு வயதில் ஒரு பிள்ளை. எனக்கு அவசரம் மட்டும் போகவில்லை. ஆனால் எங்காவது பறந்துகொண்டு புறப்படும்போதெல்லாம் கை தானாகப் போய் மடியைத் தடவுகிறது. தேடிப் போகிற பொருள் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு சந்தேகம்.

இதுவரை எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் மனைவியிடம் படித்துக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். எத்தனை நாள் மறைப்பது? முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆசாரியிடம் ஆணியை நீட்டிய இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்தி, “அது அம்புட்டு நேரமும் எனக்க மடியிலதான் இருந்துது. இத்தன வருசமா உங்கிட்ட சொல்லல” என்றேன்.

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நீங்க வேட்டிய மடிச்சுக் கெட்டும்பமே பாத்தேன்.”