முதல் பக்கத்து விலாசம்

பணிமனையில் அவருக்குப் போஸ்ட் மாஸ்டர் என்று பெயர். வைத்தவர் டைம் கீப்பர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று குறித்து வைப்பது அந்த மனிதரின் வேலை. மீதி நேரத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பார். நம்மவர் கணினி அறைக்குப் பொறுப்பு. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். டீசல் நாற்றம் அடிக்கும் ஒரு சந்து, இரண்டு மேசை, இழுத்து இழுத்து மூச்சு விடும் ஒரு பிரிண்டர். ஓட்டுநர்களின் வருகைப் பட்டியலையும் கால அட்டவணையையும் அதில் அச்சடித்துக் கொடுப்பார். தபால் என்று ஒன்றை அங்கே அவர் கையால் தொட்டதில்லை.

ஆனாலும் பெயர் பொருத்தம்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் ‘தூது’ என்று ஒன்றை எழுதினார். கதையோ கவிதையோ இல்லை, நிரல். மின்னஞ்சல் அனுப்பவும் வாங்கவும் உதவுகிற நிரல் தொகுப்பு. ஓர் ஆஸ்பத்திரி தன் நோயாளிகளுக்கு, பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். அதற்கு நிரல் எழுதுகிறவன் சர்வரை எப்படிக் கூப்பிடுவது, படத்தை எப்படி இணைப்பது, திரும்பி வந்த கடிதத்தை எப்படிப் பிரிப்பது என்று ஆதியிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீடு கட்டுகிறவன் செங்கல்லையும் தானே சுடுவானா? தூதை எடுத்துச் சேர்த்துக்கொள்வான். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது என்று சொல்லித்தான் அவர் அதை வெளியிட்டார். ஆஸ்பத்திரி எடுத்தது, வங்கி எடுத்தது, பள்ளிக்கூடம் எடுத்தது. எடுக்க வந்த கூட்டத்தில் திருத்த வந்தவன் ஒருத்தன்கூட இல்லை.

தினமும் காலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறப்பார். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்வரை ஊரார் புகார்தான். ‘உங்கள் தொகுப்பால் எங்கள் வேலை நின்றுவிட்டது, உடனே சரிசெய்யவும்’ என்று முன்பின் தெரியாதவன் அதட்டுவான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிற்காமல், கொடுத்தவனையே தொழுவத்தைக் கூட்டச் சொல்கிற உலகம் இது. இவரும் கூட்டினார். பத்தாவது வருஷம் ஒரு பெரிய கம்பெனி அவருக்கு ஒரு காபிக் கோப்பை அனுப்பியது. அதில் அந்தக் கம்பெனியின் பெயர்தான் போட்டிருந்தது. அவர் மனைவி அதில் பாத்திரம் தேய்க்கும் நாரைப் போட்டு வைத்தார்.

அவருடைய அக்காவுக்கு இந்தக் கூத்து முதலிலிருந்தே பிடிக்காது. அக்கா நர்ஸ். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கடைசி வாரம் அம்மாவை, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாள். ஒரு சனிக்கிழமை காலை அம்மா மூன்று முறை மகனைக் கேட்டாள். அக்கா போன் செய்தாள்.

அன்று விடியற்காலையில்தான் தூதில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்திருந்தது. ஒருவர் கடிதத்தை இன்னொருவர் படித்துவிடக்கூடிய ஓட்டை. உலகம் முழுவதிலிருந்தும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டே மணி நேரம்க்கா. இதை மூடிட்டு ஓடி வந்துடறேன்” என்றார்.

இரண்டு மணி நேரம் ஆறு மணி நேரம் ஆயிற்று. ஓட்டையை மூடிவிட்டு அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் வேறு விரிப்பு விரித்திருந்தார்கள். அக்கா தாழ்வாரத்தில் நின்றாள், அழவில்லை.

“ஊரான் வீட்டுக் கடுதாசியெல்லாம் பத்திரமா இருக்கா?” என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினாள். “எதுவும் சொல்லாதே. எனக்கா மனசு வர்றப்போ நானே எழுதறேன். அதுவரைக்கும் நீ போனும் பண்ண வேணாம், எழுதவும் வேணாம், என் வாசப்படி ஏறவும் வேணாம்.”

இவர் கேட்காமல் மூன்று முறை போன் செய்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வீடு மாறினார், போன் எண் மாறியது. மின்னஞ்சல் விலாசத்தை மட்டும் மாற்றவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எழுதுகிறேன் என்று சொன்னவள் எழுதுவாள், அதற்குத்தான் எழுதுவாள்.

அந்த விலாசத்துக்குத்தான் கேடு பிடித்தது. பிடிக்க வைத்தவரும் இவர்தான்.

தூதை வெளியிட்டபோது கூடவே ஒரு கையேடு எழுதினார். முதல் பக்கத்தில் ஒரு மாதிரி நிரல்: அனுப்புநர் விலாசம் இங்கே, பெறுநர் விலாசம் இங்கே, செய்தி இங்கே. மாதிரிக்கு எழுதுகிறவர்கள் இல்லாத ஒரு பொய் விலாசத்தைத்தான் போடுவார்கள். இவர் நேர்மையான மனிதர். வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்காத நிரலை அச்சில் போட மாட்டார். ஓட்டிப் பார்க்க நிஜ விலாசம் வேண்டுமே? தன்னுடையதைப் போட்டார். ஓடியது. ஓடியதை அப்படியே கையேட்டில் ஒட்டிவிட்டார்.

உலகத்து நிரல்காரர்கள் அதை அப்படியே காப்பியடித்தார்கள். பாதிப் பேர் அனுப்புநர் விலாசத்தை மாற்றவே மறந்தார்கள். ஆக, எங்கோ ஓர் ஆஸ்பத்திரி அனுப்பும் கடிதத்தில் அனுப்பியவர் நம் போஸ்ட் மாஸ்டர். அதற்கு நோயாளி பதில் போட்டால் வந்து விழுவது இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். இரண்டாவது வருஷம் தவறைக் கண்டுபிடித்துக் கையேட்டைத் திருத்தினார். அதற்குள் அந்தப் பக்கம் ஆயிரம் இடத்தில் நகலாகி, நகலுக்கு நகலாகி இருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

“டாக்டர் ஐயா, அந்த வெள்ளை மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, நிறுத்திவிடலாமா?”

“டீச்சர், என் மகனுக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டான்.”

“என் விண்ணப்பம் என்ன ஆனது என்று நான்காவது முறையாகக் கேட்கிறேன். நீங்கள் மனிதர்தானா?”

பல வருஷம் ஒவ்வொருவருக்கும் கையால் பதில் எழுதினார். நான் டாக்டர் இல்லை, உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். அதை அவர் முழுசாக நம்பினார். வழிதவறி வந்த ஊரார் கடிதத்தையெல்லாம் வழியனுப்பி வைத்தால் அக்காவின் கடிதம் தானே வந்து சேரும் என்று ஒரு கணக்கு. பைத்தியக்காரக் கணக்கு, வேறென்ன.

கடிதங்கள் நாளுக்கு இருபதாக இருந்தது இருநூறாயிற்று.

“அந்த விலாசத்தை மூடித் தொலைங்களேன்” என்றார் மனைவி.

“மூடிட்டா அக்கா எங்க எழுதுவா?”

“எழுதறவங்க இந்நேரம் எழுதியிருக்க மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார்.

கடைசியில் தானே பதில் அனுப்புகிற ஓர் ஏற்பாட்டைச் செய்தார். தெரிந்தவர்களின் விலாசங்களை ஒரு பட்டியலாகப் போட்டார். பட்டியலில் இருக்கிறவர் எழுதினால் கடிதம் இவர் கண்ணில் படும். இல்லாதவர் எழுதினால் இயந்திரமே பதில் போட்டு, கடிதத்தை ஒரு மூலையில் தள்ளிவிடும். முப்பது நாளில் அது தானாக அழியும். பட்டியலில் முதலில் எழுதியது அக்காவின் விலாசத்தை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்திருந்தது அது. எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

இயந்திரத்துக்கு முதலில் எழுதிக் கொடுத்த பதில் நீளமானது. என் பெயர் இன்னது, பல வருஷத்துக்கு முன் ஒரு கையேட்டில் செய்த தவறால் உங்கள் கடிதம் இங்கே வந்துவிட்டது, மன்னியுங்கள் என்று ஒரு பக்கம். யாரும் படிக்கவில்லை. ‘சரி, என் விண்ணப்பம் என்ன ஆச்சு?’ என்று திரும்ப எழுதினார்கள்.

டைம் கீப்பரிடம் புலம்பினார். “ஏன்யா ராமாயணம் எழுதுற? ரெண்டு வரி. நறுக்குன்னு சொல்லு, ஓடிடுவான்” என்றார் டைம் கீப்பர்.

அதன்படியே நறுக்கினார்: ‘நீங்கள் தேடும் ஆள் நான் இல்லை. இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம்.’ கீழே அதையே ஆங்கிலத்திலும். பெயர்கூடப் போடவில்லை. இப்படி இயந்திரம் அனுப்பும் பதில்களின் தலைப்பகுதியில், இது தானாகப் போனது என்று ஒரு குறிப்பு இருக்கும். இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று மாறி மாறிப் பதில் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாதே என்று தொழிலில் வைத்திருக்கும் வழக்கம். சாதாரணமாகக் கடிதம் படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

தொல்லை விட்டது. மூன்று வருஷம் அந்த மூலையை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவிடமிருந்துதான் எதுவும் வரவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம், பேருந்தில் பையைத் தவறவிட்ட ஒருவர் பணிமனைக்கு வந்து டைம் கீப்பர் மேசைக்கு முன்னால் நின்றார். அட்டவணைத் தாளோடு அங்கே வந்த நம்மவர் ஆளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர்.

“மாமா!”

மாமா திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பையை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“அக்கா எப்படி இருக்கா மாமா?”

“அவ எப்படி இருந்தா உனக்கென்ன? அவ தேடற ஆள்தான் நீ இல்லையே.”

அந்தச் சொற்கள் யாருடையவை என்று அவருக்குத் தெரியாதா?

“எழுதினாளா மாமா? எப்போ?”

“தெரியாத மாதிரி கேக்காதே. ரெண்டு வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆன மறு வாரம் உக்காந்தா. நாலு நாள் எழுதினா, அழிச்சா, எழுதினா. எனக்குக்கூடக் காட்டலை. அனுப்பிட்டு நாற்காலியை விட்டு எந்திரிக்கலை, பதில் வந்துடுச்சு. நாலு நாள் எழுதினதை ஒரு நிமிஷம்கூடப் படிக்கலையே அவன்னு சொன்னா. அப்புறமும் மனசு கேக்காம ரெண்டு தடவை எழுதினா. அதே ரெண்டு வரி.”

ரிட்டயர் ஆனதும் ஆஸ்பத்திரி விலாசம் போய்விட்டது. அவள் எழுதியது புது விலாசத்திலிருந்து. பட்டியலில் முதல் இடத்தில் இருந்தது செத்துப்போன விலாசம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தூதின் கையேட்டில் எட்டாம் பக்கத்தில் அவரே எச்சரித்திருக்கிறார்: விலாசத்தை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள், விலாசம் மாறும், ஆள் மாறுவதில்லை. அந்தப் பக்கத்தை உலகத்தில் ஒருவரும் காப்பியடிக்கவில்லை. அவர் உட்பட.

“அது நான் எழுதலை மாமா. மெஷின் போட்ட பதில்.”

“மெஷினுக்கு யார் எழுதிக் குடுத்தது?”

டைம் கீப்பர் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

“என்ன எழுதியிருந்தா மாமா? கொஞ்சமாவது சொன்னாளா?”

“உனக்குத்தானே எழுதினா. உனக்குத் தெரியணும்” என்றார் மாமா. கெஞ்சிக் கேட்டபிறகு, பழைய டூட்டிச் சீட்டின் பின்பக்கத்தில் அக்காவின் புது விலாசத்தை எழுதிக் கொடுத்தார். பை கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனார்.

மூலையில் தேடினார். முப்பது நாளுக்கு முந்தியது எதுவும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் சர்வரில் தோண்டினார், நகல்களைத் தோண்டினார். அவர் ஒழுங்காகச் செய்த வேலை அது. அழி என்றால் சுத்தமாக அழித்திருந்தது. அக்கா நாலு நாள் உட்கார்ந்து தம்பிக்கு என்ன எழுதினாள் என்பது இனி அவள் வாயால் சொன்னால்தான் உண்டு.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து எழுதினார். கையேடு, முதல் பக்கம், இருநூறு கடிதம், பட்டியல், அவள் பெயர் முதலில் இருந்தது என எல்லாவற்றையும் எழுதினார். அன்றைக்கு அம்மாவைப் பார்க்க வராதது தப்பு என்பதை ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக எழுதினார். இயந்திரத்தின் வாயை அடைத்தார். அக்காவின் புது விலாசத்தைப் பட்டியலின் உச்சியில் சேர்த்தார். அனுப்பினார்.

அடுத்த நாள் காலை மனைவி காபியைக் கொண்டு வைத்தபோது பதில் வந்திருந்தது. அனுப்பியவர் இடத்தில் அக்காவின் பெயர்.

“என்ன எழுதியிருக்காங்க?” என்று தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார் மனைவி.

‘நீங்கள் தேடும் ஆள் நான் இல்லை. இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம்.’

அவர் கடிதத்தின் தலைப்பகுதியைத் திறந்தார். இருபது முப்பது வரி. தொழில் தெரிந்தவர் மட்டுமே படிக்கிற வரிகள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கீழே வந்தார். இது தானாகப் போனது என்ற அந்தக் குறிப்பு எங்காவது இருக்காதா என்று தேடினார். இருந்துவிட்டால் போதும், இயந்திரம் சொன்னது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

மேலிருந்து கீழே மூன்று முறை பார்த்தார். இல்லை. அக்கா கையாலேயே அடித்து அனுப்பியிருந்தாள்.